பிள்ளையின் அறையை வளரிளம் பருவத்துக்கு மாற்றி அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லும் அளவுகளும் கணக்குகளும் நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் வழக்கமாகக் கிடைக்கும் 10 அடிக்கு 11 அடி படுக்கையறைக்கு உரியவை. கூரை உயரம் 10 அடி. ஒரு சுவரில் 2 அடி ஆழ அலமாரி, அதன் மேல் பரண், எதிரெதிர்ச் சுவர்களில் வாசலும் ஜன்னலும். உங்கள் அறை அரை அடி, ஒரு அடி கூடக் குறைய இருந்தாலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

எந்த வயதில் மாற்றுவது நல்லது?

ஆறாம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறை மிகப் பொருத்தமான சமயம். பெண் பிள்ளைகள் பொதுவாக 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 13, 14 வயதிலும் மளமளவென்று வளர்வார்கள். அதற்குச் சற்று முன்னால் செய்துவிட்டால் கட்டிலும் மேசையும் கையோடு உதவும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் மட்டும் கை வைக்க வேண்டாம். இரண்டு வாரம் அறை கலைந்து கிடக்கும். அந்த வருடத்தில் அதைத் தாங்கமாட்டார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் சிமெண்ட் பூச்சும் பட்டியும் சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் சுவர் மேல் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் கொப்பளித்து உரியும்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? நிறம் தேர்ந்தெடுப்பதா?

நிறம் கடைசியில். முதல் வேலை, பிள்ளைக்குச் சொந்தமில்லாத பொருட்களை அந்த அறையிலிருந்து வெளியேற்றுவது. நம் வீடுகளில் குழந்தை அறைதான் வீட்டுக்கே கிடங்கு. அம்மாவின் பட்டுப்புடவை பீரோ, இஸ்திரி மேசை, காய்ந்து மடிக்காத துணிக் குவியல், பரணில் பண்டிகைப் பாத்திரங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். பீரோ அங்கே இருக்கிறவரை வீட்டில் எல்லோரும் நாளெல்லாம் உள்ளே வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தன் அறையாகவே தோன்றாது. ஒரு பீரோ நிற்க 3 அடிக்கு 2 அடி இடம், கதவு திறக்க முன்னால் இன்னொரு 2 அடி. அதை நகர்த்தினாலே ஒரு மேசைக்கு இடம் கிடைத்துவிடும்.

பொம்மைகளையும் பழைய புத்தகங்களையும் பிள்ளையே பிரிக்கட்டும். வைத்துக்கொள்ள ஆசைப்படுவதை ஒரே ஒரு மூடிபோட்ட பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் எதையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கார்ட்டூனுக்குப் பதில் கால்பந்து, விண்வெளி என்று ஏதாவது ஒரு தீம் வைத்துச் செய்யலாமா?

மரவேலையில் தீம் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இந்த வயதில் ரசனை வருடத்துக்கு ஒருமுறை மாறும். கார்பெண்டர் செய்த கட்டிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற முடியாது. கட்டில், மேசை, அலமாரி, ஒயரிங் நான்கையும் முழு வளர்ந்த ஆளுக்கான அளவில், சாதாரண நிறத்தில் செய்யுங்கள். சுவர் நிறம், போஸ்டர், திரைச்சீலை, போர்வை ஆகியவற்றைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். 4 அடிக்கு 3 அடி சாஃப்ட் போர்டு ஒன்றைச் சுவரில் மாட்டிக் கொடுத்தால், போஸ்டர் ஒட்டிக் கிழித்துப் பெயிண்ட் பெயர்வதும் நிற்கும்.

எது எங்கே வரும் என்று எப்படி முடிவு செய்வது?

கணக்கு நோட்டின் கிராஃப் தாளை எடுங்கள். ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் அறை 10 செ.மீ.க்கு 11 செ.மீ. வாசல், ஜன்னல், அலமாரி, ஃபேன், ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாவற்றையும் குறியுங்கள். கட்டிலையும் மேசையையும் தனித்தனித் தாளில் வெட்டி அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். இதைப் பிள்ளையே செய்வது நல்லது.

விட வேண்டிய இடைவெளிகள்: கட்டில் ஓரம் நடக்க 2 அடி, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழ 3 அடி, அலமாரிக் கதவு திறக்க இரண்டரை அடி.

10க்கு 11 அறையில் பெரும்பாலும் பலிக்கும் அமைப்பு இதுதான். அலமாரிக்கு எதிரே உள்ள 11 அடிச் சுவரை ஒட்டி ஆறரை அடிக் கட்டில். மீதி நாலரை அடியில், ஜன்னல் பக்க மூலையில் 4 அடி மேசை. 3 அடிக் கட்டிலும் 2 அடி அலமாரியும் போக நடுவில் 5 அடி திறந்த இடம் மிஞ்சும். வலது கைக்காரருக்கு ஜன்னல் இடப்பக்கம் வரவேண்டும். வலப்பக்கம் வந்தால் எழுதும் கையின் நிழல் நோட்டின் மேல் விழும்.

கட்டில் என்ன அளவில் வாங்க வேண்டும்?

78 அங்குலத்துக்கு 36 அங்குலம். ஆளின் உயரத்தைவிட மெத்தை குறைந்தது 6 அங்குலம் நீளமாக இருக்க வேண்டும். 72 அங்குலக் கட்டில் ஐந்தரை அடி ஆளோடு சரி. ஆறடி வளரும் பையனுக்குக் கால் வெளியே தொங்கும். இடம் இருந்தால் 42 அங்குல அகலம் நல்லது. 60 அங்குல அகலக் கட்டிலை இந்த அறையில் போட்டால் மேசை, நாற்காலிக்கு இடம் திண்டாட்டமாகிவிடும்.

கட்டிலுக்கடியில் டிராயர் வைத்தால் முன்னால் 2 அடி காலியாக இருக்க வேண்டும். மேல்பலகையைத் தூக்கித் திறக்கும் வகையில் மெத்தையோடு சேர்த்துத் தூக்கவேண்டியிருப்பதால், அன்றாடப் பொருளை அதில் வைக்காதீர்கள். குளிர்காலப் போர்வை, சூட்கேஸ் போன்றவை போதும்.

இலவம்பஞ்சு மெத்தை நம் வெயிலுக்கு இதமானது. ஆனால் வருடம் ஒருமுறை பஞ்சைக் கொட்டி அடித்துத் தைக்காவிட்டால் இடுப்பு படும் இடம் குழியாகிவிடும். அதற்கு ஆள் கிடைக்காத ஊரில் தென்னைநார் மேல் ஃபோம் வைத்த 5 அல்லது 6 அங்குல மெத்தை போதும்.

மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை வாங்கி ராத்திரி முழுக்க வெப்பத்தைத் தள்ளும். தலைமாட்டை அங்கே வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிள்ளைகள். அடுக்குக் கட்டில் போடலாமா?

சீலிங் ஃபேன் இருக்கும் அறையில் வேண்டாம். காரணம் வெறும் அளவுக் கணக்கு. 48 அங்குல ஃபேன் 10 அடி அகல அறையின் நடுவில் சுற்றினால் இறக்கையின் நுனி சுவரிலிருந்து 3 அடியில் இருக்கும். கட்டிலின் அகலமும் 3 அடி. இறக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 9 அடி உயரத்தில் இருக்கும். மேல்தட்டு மெத்தை ஐந்தரை அடியில் என்றால் உட்கார்ந்த பிள்ளையின் தலை எட்டரை அடிக்கு வந்துவிடும். தூக்கத்திலிருந்து எழுந்து சோம்பல் முறித்து ஒரு கையை நீட்டினால் இறக்கையில்தான் படும். ஃபேனைக் கழற்றிவிட்டு மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று சுவர் ஃபேன்கள் மாட்டத் தயாராக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அதைவிட, பகலில் ஒன்றின் அடியில் இன்னொன்று தள்ளி வைக்கும் இழுப்புக் கட்டில் மேல். நடுவில் 5 அடி இருப்பதால் ராத்திரி இழுத்துப் போட்டாலும் நடக்க வழி இருக்கும். பாட்டி வந்து தங்கும் வீட்டுக்கும் அது உதவும். மேல்கட்டில் பாட்டிக்கு, தாழ்ந்தது பிள்ளைக்கு.

படிப்பு மேசை எப்படி இருக்க வேண்டும்? கார்பெண்டரிடம் என்ன சொல்வது?

உயரம் 29 முதல் 30 அங்குலம், ஆழம் 24, அகலம் 48. 18 அங்குல ஆழத்தில் நோட்டும் பாடப்புத்தகமும் சேர்ந்து விரிக்க முடியாது.

8 அடிக்கு 4 அடி, 18 எம்எம் பிளைவுட் ஒரே ஷீட்டில் மேசையும் இரண்டு புத்தகத் தட்டுகளும் எடுத்துவிடலாம். 96 அங்குல நீளத்தின் ஒரு முனையிலிருந்து இப்படி வெட்டச் சொல்லுங்கள். முதலில் 24 அங்குலம்: அது மேல்பலகை. அடுத்து 29 அங்குலம் வெட்டி, அதை நடுவில் இரண்டாகப் பிளந்தால் இரு பக்கக் கால்கள். அதன்பின் 10 அங்குலப் பட்டைகள் மூன்று: ஒன்று, இரு கால்களுக்கும் நடுவே பின்பக்கம் அடிக்கும் பலகை, அது இல்லாவிட்டால் மேசை ஆடும். மற்ற இரண்டும் புத்தகத் தட்டுகள். ரம்பம் தின்றது போக 12 அங்குலத்துக்குச் சற்று மேல் ஒரு துண்டு மிஞ்சும். கூலிக்கு வந்தவர்கள் அதைக் கழிவென்று ஓரங்கட்டுவார்கள்; விடாதீர்கள். அதை 10 அங்குல அகலத்தில் நான்காக வெட்டினால் தட்டுகளுக்கான தாங்கு பலகைகள்.

4 அடித் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் 18 எம்எம் பலகை நடுவில் தொய்யும். அதனால் கீழ்த்தட்டுக்கு இரு முனையிலும் நடுவிலும் மூன்று தாங்கல், மேல்தட்டின் நடுவில் நான்காவது. மேல்தட்டின் முனைகளை எல் பிராக்கெட் வைத்துச் சுவரில் முடுக்க வேண்டும். தாங்கல் 12 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பெரிய சைஸ் நோட்டு நின்றால் ஏறக்குறைய அவ்வளவு உயரம் வரும்.

மேல்பக்கம் 1 எம்எம் மைக்கா ஒட்டினால் அடிப்பக்கமும் மெல்லிய மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை நாளடைவில் வளையும். மேல்பரப்பு பளபளப்பில்லாத, வெளிர் நிறத்தில் இருக்கட்டும். பளபளக்கும் மைக்காவில் விளக்கு பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

ரெடிமேட் மேசைகளில் பெரும்பாலானவை மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. தண்ணீர் பாட்டில் ஒருமுறை கவிழ்ந்து ஓரம் வழியாக நீர் இறங்கினால் உப்பிவிடும், திரும்ப அமுங்காது. கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது. அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் இரும்புக் கால் வைத்த மேசையாகப் பாருங்கள்.

பிள்ளை இன்னும் குள்ளம். மேசையைத் தாழ்வாகச் செய்யலாமா?

கூடாது. மேசை அதே உயரத்தில் இருக்கட்டும். நாற்காலியை ஏற்றி, காலுக்கடியில் பலகை வையுங்கள். முழங்கை மேசை மட்டத்தில், பாதம் முழுதும் ஏதோ ஒன்றில் ஊன்றி, முதுகு சாய்ந்து இருக்க வேண்டும். உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலி இதற்கு அவசியம். கையிருப்பு குறைவென்றால் அலங்காரத்தை விட்டுவிட்டு நாற்காலி, மெத்தை, விளக்கு மூன்றுக்கும் முதலில் செலவிடுங்கள்.

விளக்குகள்?

மூன்று வகை வெளிச்சம் தேவை. அறைக்குப் பொதுவாக 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப்லைட் போன்ற நீள விளக்கு), மேசைக்கு 8 முதல் 10 வாட் டேபிள் லாம்ப், படுக்கும் முன் மஞ்சள் ஒளியில் 5 வாட் சுவர் விளக்கு. வாங்கும்போது அட்டையில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைப் பாருங்கள்: படிக்க 4000 கெல்வின், ராத்திரிக்கு 2700 அல்லது 3000. 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. படுக்கும் நேரத்துக்கு ஆகாது.

பேட்டனை மேசைக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் பிள்ளையின் தலை நிழல் நோட்டில் விழும். டேபிள் லாம்ப் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஃபேனுக்கு மேலே கூரையில் விளக்கு வைத்தால் இறக்கை நிழல் அறை முழுக்கச் சுழன்று தலைவலி தரும். ஃபால்ஸ் சீலிங் போட்டு ஃபேனையும் மாட்டுகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த அளவு அறைக்கு ஃபால்ஸ் சீலிங் தேவையே இல்லை.

எத்தனை பிளக் பாயிண்ட் வேண்டும்?

மேசைக்கு 6 ஆம்பியர் சாக்கெட் மூன்று அல்லது நான்கு, தரையிலிருந்து 36 அங்குல உயரத்தில். மேசைப் பலகைக்கு 6 அங்குலம் மேலே வரும். கட்டில் பக்கம் ஒரு சாக்கெட்டும் வாசலிலிருந்தும் கட்டிலிலிருந்தும் விளக்கைப் போட்டு அணைக்க ஒரு டூ-வே ஸ்விட்சும். கண்ணாடி அருகே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட். தலைமுடி உலர்த்தும் டிரையர் பல 1800 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 8 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட்டில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் சொருகினால் பிளக் சூடாகி உருகும்.

சாக்கெட்டுகளுக்கு 2.5 சதுர எம்எம் ஒயர், ஏசிக்குத் தனி எம்சிபியுடன் (சுமை கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்) 4 சதுர எம்எம். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள். எர்த் ஒயர் உண்மையாகவே இணைத்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் இருக்காது.

ஏசிக்கு இந்த அறையில் 1 டன் போதும். மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்கு வெயிலும் படுமென்றால் ஒன்றரை. மேசைக்கு மேலே மாட்டாதீர்கள். வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் நேராகப் புத்தகத்தின் மேல் சொட்டும்.

சுவரில் ஸ்டிக்கர், கிரேயான், ஸ்கெட்ச் பேனா. அப்படியே பெயிண்ட் அடிக்கலாமா?

அடித்தால் மூன்றும் மூன்று விதமாகக் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டிக்கரின் ஓரம் புதுப் பெயிண்டுக்கு அடியில் கோடாகத் தெரியும். ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக, சுவரை ஒட்டினாற்போல் இழுங்கள். நேராக வெளியே இழுத்தால் பட்டியோடு பெயர்ந்து வரும். மிஞ்சும் பசையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். கூரையில் ஒட்டிய இரவில் ஒளிரும் நட்சத்திரங்களுக்கும் இதே முறை.

கிரேயான் மெழுகு. நீர்ப் பெயிண்ட் மெழுகின் மேல் பிடிக்காமல் சுருண்டு விலகும். துணியில் கொஞ்சம் டர்பெண்டைன் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள்.

ஸ்கெட்ச் பேனா, மார்க்கர் மைதான் மோசம். எத்தனை கோட் எமல்ஷன் (சுவருக்கு அடிக்கும் நீர்ப் பெயிண்ட்) அடித்தாலும் மை ஊறி மேலே வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் மட்டும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்து ஒரு நாள் காயவிட்டால் மை அடங்கிவிடும்.

பெயர்ந்த இடங்களில் பட்டி பார்த்து, காய்ந்தபின் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டாம் முறை மெல்லியதாகப் பட்டி பார்த்து, 220 நம்பரால் தேயுங்கள். பட்டி பார்த்த இடத்துக்குப் பிரைமர் கட்டாயம். விட்டால் அந்த இடம் மட்டும் பெயிண்டை உறிஞ்சி, திட்டுத்திட்டாக மங்கித் தெரியும். அடர் நிறம் அடித்த சுவரானால் வெள்ளைப் பிரைமர் இரண்டு கோட் முழுச்சுவருக்கும் அடியுங்கள். எமல்ஷனை மூன்று நான்கு கோட் அடிப்பதைவிட அது மலிவு.

பெயிண்ட் எவ்வளவு வாங்க வேண்டும்?

நான்கு சுவரும் சேர்ந்து 420 சதுர அடி. வாசலும் ஜன்னலும் கழித்தால் ஏறக்குறைய 380. ஒழுங்கான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரை வரும். ஆகவே சுவருக்கு 4 லிட்டர், கூரைக்கு 1 லிட்டர். ஒட்டுவேலைக்கு 5 கிலோ பட்டி போதும். எல்லாச் சுவருக்கும் பிரைமர் என்றால் 4 லிட்டர்.

பிள்ளை கறுப்போ கரு நீலமோ கேட்டால் சண்டை வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் கொடுங்கள். மேசை முன்னால் உள்ள சுவரும் கூரையும் வெளிர் நிறமாக இருக்கட்டும். துடைக்கக்கூடிய வகை எமல்ஷனாக வாங்குங்கள்.

பழைய அலமாரியே இருக்கிறது. புதிதாகச் செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் உள்பக்கத்தை மாற்றினால் போதும். சிறு குழந்தைக்கு 3 அடி உயரத்தில் வைத்த கம்பியைக் கழற்றி மேலேற்றுங்கள். சட்டை, சுடிதார் டாப்ஸ் தொங்க 40 அங்குலம் வேண்டும். நீள கவுனுக்கு 60 அங்குலம். உள் ஆழம் 22 அங்குலத்துக்குக் குறைந்தால் ஹேங்கர் குறுக்கே நிற்காமல் கதவு இடிக்கும். கதவை மாற்றுவதானால் உட்புறம் 4 அடிக் கண்ணாடி ஒன்று ஒட்டிவிடுங்கள். தனி டிரெஸ்ஸிங் டேபிள் வேண்டியதில்லை. தனியாக நிற்கும் உயர அலமாரி எதுவானாலும் மேல் மூலைகளைச் சுவரோடு ஸ்க்ரூ போட்டுப் பிணைக்க வேண்டும்.

பெண் பிள்ளையின் அறை என்றால், நாப்கின் வைக்க மூடிய டிராயர் ஒன்று, கை எட்டும் இடத்தில். மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று. அதைத் தேடி ஒவ்வொரு முறையும் அம்மாவின் பீரோவுக்குப் போகிற நிலை இருக்கக்கூடாது.

அண்ணனும் தங்கையும் ஒரே அறையில். எப்படிப் பிரிப்பது?

முழு உயரத் தடுப்பு எழுப்பினால் ஒரு பாதிக்கு ஜன்னல் இருக்காது, இன்னொரு பாதிக்கு ஃபேன் காற்று வராது. 5 அடி உயரப் புத்தக அலமாரி ஒன்றை நடுவில், தரையோடும் ஒரு பக்கச் சுவரோடும் முடுக்கி நிறுத்துங்கள். அதன் தட்டுகளில் பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம் திறக்கட்டும். உடை மாற்ற, கூரையில் டிராக் அடித்துக் கனமான திரை. ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு சாக்கெட், ஆளுக்கொரு பூட்டுள்ள டிராயர். சண்டை பெரும்பாலும் வெளிச்சத்தாலும் டிராயராலும்தான் வருகிறது.

உள்தாழ்ப்பாள் வைக்கலாமா?

வைக்க வேண்டும். உடை மாற்றும் வயதுப் பிள்ளைக்கு அது உரிமை. பழைய இரும்புத் தாழ்ப்பாளுக்குப் பதில், அவசரத்தில் வெளியிலிருந்து சாவியால் திறக்க முடிகிற பூட்டு போடுங்கள். சாவி வெளியே ஓரிடத்தில் தொங்கட்டும், அது எதற்கு என்று பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். பெரியவர்கள் தட்டிவிட்டு, பதில் வந்தபின் நுழைய வேண்டும்.

போனை எங்கே சார்ஜ் போடுவது?

ஹாலில். எல்லோருடைய போனும் ஒரே இடத்தில், பெற்றோருடையதும் சேர்த்து. இந்த வயதில் தூக்கம் இயல்பாகவே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். தேவையோ 8 முதல் 10 மணி நேரம். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள், "போன் இல்லாமல் எப்படி எழுந்திருப்பது?" என்ற கேள்விக்கு இடமிருக்காது. தெருவிளக்கு உள்ளே அடித்தால் கனத்த திரையும், ஜன்னலுக்குக் கொசுவலையும் இதோடு சேர்ந்த வேலை.

வாடகை வீடு. எதெல்லாம் செய்யலாம்?

ஒயரிங்கைத் தொடாமல், மேசைக்கு ஃபியூஸ் உள்ள தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை மேசையின் அடிப்பலகையில் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள்; தரையில் கிடந்தால் துடைக்கும்போது தண்ணீர் படும். மேசை விளிம்பில் கவ்வும் விளக்கு, இரும்பு ஸ்டாண்ட் அலமாரி, ஸ்க்ரூ போட்டுக் கழற்றும் கட்டில் ஆகியவை கூடவே வரும். ஆணி, துளை, நிறமாற்றம் எதற்கும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அட்வான்ஸில் பிடித்துக்கொண்டபின் பேசிப் பயனில்லை.

வாஸ்துப்படி வைக்க வேண்டுமா?

வடக்கே தலை வைக்காமல் இருப்பதும் கிழக்கு நோக்கிப் படிப்பதும் வீட்டில் முக்கியமென்றால், கிராஃப் தாளில் முதலிலேயே திசையைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ப நகர்த்துங்கள். பெரும்பாலும் இடம் கிடைக்கும். கிழக்கு நோக்கி உட்கார்ந்தால் வெளிச்சம் முதுகுப்பக்கம் வருகிறதென்றால் டேபிள் லாம்ப் பகலிலும் எரியட்டும்.

எந்த வரிசையில் வேலை நடக்க வேண்டும்? பிள்ளை எப்போது திரும்ப அங்கே படுக்கலாம்?

ஒயருக்குச் சுவர் வெட்டுவது முதலில். அதைச் சிமெண்டால் மூடி, மூன்று நாள் தண்ணீர் தெளித்து, பிறகு ஒரு வாரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் வெட்டிய தடத்தில் உப்பு பூத்துக் கோடாகத் தெரியும். காயும் அந்த வாரத்தில் கார்பெண்டர் வேலையை முடித்துக்கொள்ளலாம். அதன்பின் பட்டி, பிரைமர், முதல் கோட். மேசை, கட்டில், தட்டுகளை அதனதன் இடத்தில் முடுக்கி, உரசிய இடங்களைச் சரிசெய்து, கடைசிக் கோட். பெயிண்டரை முதலில் முடிக்கவிட்டுப் பிறகு கார்பெண்டரை உள்ளே விட்டால் சுவரை இன்னொரு முறை அடிக்க வேண்டிவரும்.

கடைசிக் கோட்டுக்குப் பின் மூன்று நாள் ஜன்னலைத் திறந்து ஃபேனை ஓடவிடுங்கள். புதுப் பிளைவுட்டின் பசை நெடி அதைவிட நீடிக்கும். அலமாரிக் கதவுகளையும் டிராயர்களையும் ஒரு வாரம் திறந்தே வைத்து, நெடி அடங்கியபின் துணி அடுக்குங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையானால் இரண்டு வாரம் வேறு அறையில் படுக்கட்டும்.